பழனிக்கு நடக்கும் கால்கள் மாசியிலும் நடக்க வேண்டும்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கத்தை நகரத்தார் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகிறார்கள். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடிகளுடன் 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் அந்தக் கூட்டத்தில் எழுபதைத் தொட்டவர்களும் தளராமல் வருவதைச் செட்டிநாட்டில் பிறந்த எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நடையின் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால், "வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறேன், எனக்கு நெஞ்சுவலியெல்லாம் வராது" என்று சொல்லிவிட்டு, மாசி பிறந்ததும் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியை எடுப்பவர்கள் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இந்த நம்பிக்கை பெரும் கவலையைத் தருகிறது. ஆண்டுக்கு ஒரு வாரம் நெடுந்தூரம் நடப்பதைவிட, ஆண்டு முழுவதும் விடாமல் சிறிது தூரம் நடப்பதுதான் இதயத்துக்குக் காவல்.

இதற்குக் காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான ரத்தத்தைத் தள்ளப் பழகிவிடுவதால், அதே வேலையைக் குறைந்த துடிப்புகளில் முடித்துக்கொள்கிறது. நடக்கும்போது ரத்தம் விரைந்து பாய்வதை உணரும் ரத்தக்குழாய்களின் உட்சுவர், நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரித்துக் கொடுக்கிறது. நாள்தோறும் இது நடந்தால் குழாய்கள் நெகிழ்வோடு இருக்கும், ரத்த அழுத்தமும் இறங்கும். ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளிகள் வரை குறையக்கூடும். மாத்திரையை நிறுத்திவிட இது காரணமாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உழைக்கும் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எளிதாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு நாள் நடையின் இந்தப் பலன் ஓரிரு நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் உடற்பயிற்சியை விடக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். தை மாதத்து நடையைப் பங்குனிக்குச் சேமித்து வைக்க உடலில் இடமில்லை.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்தது. இருபது வயதான ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்க வைத்தபோது, கடும் உழைப்பின்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துபோனது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பினால் ஏற்பட்ட இழப்பைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையால் ஏற்பட்ட இழப்பே பெரிதாக இருந்தது. அதோடு முடியவில்லை: ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதங்கள் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதினால் இழந்த திறன் திரும்பக் கிடைத்தது. "இந்த வயதுக்கு மேல் என்ன நடை?" என்று கேட்கும் அண்ணன்மாருக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

லண்டன் பேருந்துகளை வைத்து மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வும் நமக்குப் பொருந்தும். நாள் முழுவதும் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. கல்லாவில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும் நம் வணிகர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அப்பத்தாக்கள் ஊருணியில் தண்ணீர் எடுத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, முகப்புக்கும் அடுப்படிக்கும் நூறு முறை நடந்து பெற்ற உடலுழைப்பு இன்று நமக்கு இல்லை; பலகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதாகவும், மற்ற நாட்டவருக்கு அது 59 வயதை ஒட்டி வருவதாகவும் காட்டியது. குடும்பப் பொறுப்புகள் முடியாத வயது அது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாட்கள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும்தான். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் அந்த வேகம் சரியானது. சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் பிடித்து வைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நம்பத்தக்கது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நேராகவும் அகலமாகவும் அமைத்துக் கொடுத்திருக்கும் தெருக்கள் விடியற்காலையில் நடப்பதற்கென்றே போட்டவை போல இருக்கின்றன. வெளியே செல்லத் தயங்கும் ஆச்சிமார் வளவைச் சுற்றி நடக்கலாம்; நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்ந்தால் தொடைத் தசைகளுக்கு அதுவே நல்ல பயிற்சி. வீட்டு வேலையே போதுமே என்று சொல்லி, பெண்களின் அந்த அரைமணி நேரத்தை வீட்டிலுள்ளவர்கள் பறித்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, இதயக் குழாயின் அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர்களை நாம் நடத்தும் விதம். அன்பினால்தான் செய்கிறோம் என்றாலும், "அலுங்காமல் இருங்கள்" என்று அவர்களைக் கட்டிலிலேயே வைத்துவிடுகிறோம். முன்பு மருத்துவர்களும் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்க வைத்தவர்கள்தாம். 1952இல் அமெரிக்க இதய மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்து, அதுவே நல்லது என்று எழுதியபோது மருத்துவ உலகம் முதலில் தயங்கியது. இன்றோ, மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சி இதய நோய் மறுவாழ்வின் நடுநாயகமாக இருக்கிறது; அதைச் செய்பவர்களுக்கு இதய நோயால் வரும் மரணமும், திரும்ப மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் குறைகின்றன. ஆகவே வீடு திரும்பும் நாளன்று, என்ன சாப்பிடலாம் என்று கேட்பதோடு, எத்தனை நிமிடம் நடக்கலாம், எப்போது கூட்டலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும் தையில் பழனிக்கு நடக்க எண்ணியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழகாத உடல் திடீரென்று கடுமையாக உழைக்கும்போது மாரடைப்புக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதும், முறையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்பதும் நன்கு அறியப்பட்ட உண்மைகள். ஐப்பசியிலேயே நடக்கத் தொடங்குங்கள். நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் முன்னதாக மருத்துவரைப் பாருங்கள். வழியில் நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று எண்ணாமல் உடனே நின்று 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதால், உடன் நடப்பவர்கள் அவர்கள் மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பூசம் முடிந்து ஊர் திரும்பி, கால் வலி ஆறிய மறுநாளே காலையில் அரைமணி நேரம் நடந்துவிடுங்கள்.