வேரைச் சொன்னால் சொல் மிரட்டாது

கணிதத்திலும் அறிவியலிலும் வரும் அரிய ஆங்கிலப் பெயரடைகள் பற்றிய உங்கள் தொடர் கட்டுரையைப் படித்தேன். அவற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு உடன்பாடில்லை. குளச்சலில் பல ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களுக்குத் தனிவகுப்பு எடுக்கிறேன். மனப்பாடம் தேர்வுக்கு மறுநாளே கரைந்துவிடுகிறது.

சென்ற மாதம் ஒரு மாணவி, திறந்த கடல்நீரில் வாழ்வனவற்றைக் குறிக்கும் ‘பெலாஜிக்’, கடலடியை ஒட்டி வாழ்வனவற்றைக் குறிக்கும் ‘டிமெர்சல்’ என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். முன்னது கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பின்னது மூழ்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றேன். அவளுடைய அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். சற்று யோசித்தாள். “அப்படியானால் சாளையும் அயிலையும் பெலாஜிக், அடியில் மண்ணோடு கிடக்கும் திருக்கை டிமெர்சல். சரிதானே சார்?” என்றாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

கணிதமும் அப்படித்தான். ‘ஐடெம்பொட்டன்ட்’ என்ற சொல்லை 1870-இல் அமெரிக்கக் கணிதர் பெஞ்சமின் பியர்ஸ் உருவாக்கினார். ‘அதே’, ‘ஆற்றல்’ என்னும் இரண்டு லத்தீன் சொற்களின் சேர்க்கை அது. தன்னைத் தன்னாலேயே பெருக்கினாலும் மாறாதது. 0, 1 போல. மறுபடி செய்தாலும் விளைவு மாறாத செயலுக்கும் இது பொருந்தும். பதிவெண் வரிசையில் அடுக்கிய விடைத்தாள் கட்டை அதே வரிசையில் மறுபடி அடுக்கினாலும் அதே கட்டுதானே!

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆஸ்குலேட்டிங்’ வட்டம். முத்தமிடும் வட்டம் என்று பொருள். ஜெர்மன் கணிதர் லைப்னிட்ஸ் வைத்த பெயர். வளைகோட்டை அது வெறுமனே தொடுவதில்லை, அந்தப் புள்ளியில் அதன் வளைவோடும் ஒத்துப்போகிறது. இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

அடுத்த பகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதன் வேரையும் தமிழில் எழுதுங்கள் ஐயா.