சோற்றுப் பார்சலை நிறுத்துப் பார்த்த பிறகு

போன மாதம் ஒருநாள் கடையில் வாங்கிய மத்தியானச் சோற்றுப் பார்சலைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினி மேசையில் விரித்து ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தேன். சோறு மட்டும் 470 கிராம். கோழிக்கறி எலும்போடு 110 கிராம். பருப்பு மூன்று மேசைக்கரண்டி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு ஒரு அப்பளம், இரண்டு மோர்மிளகாய், சின்னப் பையில் முடிந்த சொதி.

அவித்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி. அப்படியென்றால் கறியைத் தொட முதலே 600 தாண்டிவிட்டது. அந்தப் பார்சலை நான் வருடக்கணக்காக "ஒரு 500 வரும்" என்று எண்ணித்தான் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சலரோகம் வந்து ஒன்பது வருடம். எனக்கும் போன வருடம் இரத்தத்தில் சீனி கூடத் தொடங்குகிறது, கவனம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். வேலை நாட்களில் எனக்கு மத்தியானச் சாப்பாடு யாழ்ப்பாணம் ரவுணில்தான். வீட்டுச் சமையலில் மட்டும் கவனமாக இருந்து நான் தப்பமுடியாது. கடைச் சாப்பாட்டையும் ஓரளவுக்காவது கணக்குப் பார்க்கத் தெரியவேண்டும்.

போனில் இருக்கும் கலோரிச் செயலியில் "கொத்து ரொட்டி" என்று தேடினேன். ஒரே பெயரில் பல பதிவுகள், ஒன்றுக்கு மற்றது இரட்டிப்பு. எந்த ஊர்க் கொத்து, எத்தனை ரொட்டி, எவ்வளவு எண்ணெய் என்று எதிலும் இல்லை. சாப்பாட்டின் பெயரை வைத்துக் கணக்குப் பார்ப்பதை நாங்கள் விடவேண்டும் என்பதே என் எண்ணம். எங்களுடைய கடைகளில் கணக்கைக் கூட்டுவது மூன்று சாமான்கள்: சோறு அல்லது மா, எண்ணெய், தேங்காய். இந்த மூன்றையும் கண்ணால் அளக்கப் பழகினால் மிச்சத்தில் பெரிய பிழை வராது.

கொத்துக் கடையில் இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. ஒரு பின்னேரம் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெங்காயமும் லீக்ஸும் வதக்க ஒரு அகப்பை எண்ணெய். முட்டை ஒன்று. ரொட்டி மூன்று விழுந்தது. தகடு இரண்டும் அடிக்கத் தொடங்கி, ரொட்டி கல்லில் பிடிக்கிற மாதிரி வந்ததும் இன்னொரு அகப்பை எண்ணெய். கடைசியாகக் கோழிக்கறியும் குழம்பும். அகப்பை சின்னதுதான், ஒன்றரை மேசைக்கரண்டி பிடிக்கும் என்றே வைப்போம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. எண்ணெய் மட்டும் 360. மூன்று ரொட்டி 800 அளவில், முட்டை 75, இறைச்சியும் குழம்பும் ஒரு 150. 1300க்கும் 1500க்கும் இடையில் எங்கேயோ நிற்கும். கடைச் சாப்பாட்டுக்கு ஒற்றை இலக்கம் சொல்வது பொய். இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் இடையில் என்று சொல்வதுதான் நேர்மை, அதுவே போதும். என்னைப்போல் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு ஒரு நாளுக்குத் தேவையானதில் பெரும்பங்கு அந்த ஒரு கோப்பைக்குள் இருக்கிறது.

சைவக்கடை என்றால் பயமில்லை என்று எங்களில் பலர் நம்புகிறோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சைவம் சாப்பிட்டால் உடம்பு குறையும் என்று சொல்லும் சொந்தக்காரர் எனக்கும் உண்டு. கத்தரிக்காயில் தன்பாட்டுக்கு 100 கிராமுக்கு 25 கலோரிதான். பொரிக்கும்போது அது பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கிறது, பிறகு அதைத் தேங்காய்ப்பாலில் போடுகிறோம். திருவின தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது. புட்டுக்கு நடுவில், சம்பலில், சொதியில் என்று ஒரே நேரச் சாப்பாட்டில் தேங்காய் மூன்று தரம் வருகிறது. சிவப்பரிசிச் சோறும் அப்படித்தான். நார் கூட, உடம்புக்கு நல்லது, ஆனால் கலோரி வெள்ளைச் சோற்றுக்குக் கிட்டத்தட்டச் சமன். "சிவப்புத்தானே, இன்னும் போடு" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

சோடாப் போத்தலில் சீனி எவ்வளவு என்று 2016 தொடக்கம் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற வட்டம் போடவேண்டும் என்று இலங்கையில் சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. அப்பா அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் சோடாவை விட்டார். சோற்றுக் கோப்பைக்கு அப்படி ஒரு வட்டம் இல்லை, அதனால் அளவை நாங்களேதான் பழகவேண்டியிருக்கிறது.

நான் பழகிய விதம் இது. வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறையச் சோறு எடுத்து நிறுத்தேன், 150 கிராம் வந்தது. அதாவது 200 கலோரி. ஒரு கிழமை வீட்டில் அந்தக் கோப்பையாலேயே போட்டுச் சாப்பிட்டேன். இப்போது கடையில் இலையைப் பார்த்ததும் மூன்று கோப்பையா நாலா என்று கண் சொல்லிவிடும். எண்ணெய்க்கும் அதே வழிதான்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைத் தட்டில் ஊற்றி அது எவ்வளவு தூரம் பரவுகிறது என்று ஒருதரம் பாருங்கள்.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் கல்லரிந்துவிட்டு வருகிற மேசனுக்கு அந்த 470 கிராம் சோறு தேவை. அவர் வயிறு நிறைய வேண்டுமென்றுதான் வாளியோடு வந்து "இன்னும் கொஞ்சம் போடவோ?" என்று கேட்கிறார்கள். அதே அளவு கணனிக்கு முன்னால் இருக்கிற எனக்கும், குளிசை போடுகிற அப்பாவுக்கும் விழுவதுதான் பிரச்சினை. கடைகளில் சோறு இரண்டு அளவில் கிடைக்கவேண்டும், பலகையில் அளவைக் கிராமில் எழுதவேண்டும். இது பெரிய செலவில்லை, ஒரு கரண்டியை அளந்து வைத்தால் போதும்.

வழமையாகச் சாப்பிடுகிற கடையில் கேட்டுப் பார்த்தேன். "அண்ணை, எனக்குச் சோறு ரெண்டு கோப்பை அளவு காணும், கீரை கொஞ்சம் கூட வையுங்கோ."

"காசு குறைக்கேலாது பிள்ளை."

"குறைக்க வேண்டாம் அண்ணை."

இரண்டு கிழமையாக அப்படித்தான் தருகிறார். நேற்று நான் வாய் திறக்க முதலே உள்ளே பார்த்து, "அந்தப் பிள்ளைக்குச் சோறு குறைச்சு, கீரையும் மீனும் கூட வை" என்று சொன்னார்.