யுவைட்டிஸுக்கு எதிர்ப்பு சக்திப் பொடியா?

அண்ணே, எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் கண்ணுக்குள் யுவைட்டிஸ் என்னும் நடுப்படல அழற்சி வருகிறது, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விற்கும் சத்துப்பொடியைக் குடித்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். காரணத்தையே தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

தன்னெதிர்ப்பு யுவைட்டிஸில் எதிர்ப்புச் செல்கள் சோர்ந்து கிடப்பதில்லை. விழித்திரையின் சொந்தப் புரதங்களையே பகையென்று பாய்கின்றன. முன்னால் நிற்பவை டிஎச்-1, டிஎச்-17 வகை டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். இவை இன்டர்ஃபெரான்-காமா, இன்டர்லூக்கின்-17 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து நியூட்ரோஃபில்கள், மேக்ரோஃபேஜ்கள் என்னும் வேறு வெள்ளணுக்களையும் உள்ளே வரவழைக்கின்றன. திசு சிதைவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. கண் மருத்துவர் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றில், வெயில் விழும் அறையின் தூசிபோல் மிதப்பவை இந்த வெள்ளணுக்கள்தாம். இந்தத் தாக்குதலை அடக்கிவைக்கும் டி செல்களும் இருக்கின்றன. அவை எடுபடாதபோது அழற்சி நீள்கிறது.

2016இல் அமெரிக்கா இந்நோய்க்கு அனுமதித்த அடலிமுமாப்கூட அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைத் தடுத்து எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துதான். பொடி வியாபாரிக்கு இது பிடிக்காது!

காசநோய், டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி ஆகியவற்றின் தொற்றால் வருவது வேறு கணக்கு. மலேசியாவில் காசநோய் இன்னும் ஒழியவில்லை. அதனால் நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை அவசியம். சொட்டு மருந்தைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பி, ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம்) லென்ஸோடு ஒட்டிக்கொள்ளலாம். மருந்தை நிறுத்தலாம் என்ற அந்த வரியைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.