புரதம் கூடினால் வைரஸ்தான் காரணமா?

கோவிட் நோயாளிகளின் ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் லைட் என்ற நரம்புப் புரதம் கூடுவதைப் பற்றி நான் படித்த கட்டுரை அதை நன்றாகவே விளக்குகிறது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. நரம்பிழை சிதைந்தால் இந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். சிதைத்தது வைரஸா, பக்கவாதமா, தலையில் பட்ட அடியா என்று புரதத்தின் அளவு சொல்லாது. வயது ஏறினாலும் அளவு ஏறும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்காரனான எனக்கு 1998-99 நிப்பா வைரஸ் பரவல்தான் நினைவுக்கு வருகிறது. ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கியதை, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி முதலில் கொசுப்புகை அடித்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்தும் மூளை அழற்சி திரும்பியது. அப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனிக்க இந்தப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை உதவலாம் என்பது என் எண்ணம். டிங்கிக் காய்ச்சல் (டெங்கு) வந்த தோட்டத்து ஆளுக்கெல்லாம் இதை எடுக்கச் சொல்லி லேப்காரர்கள் கிளம்பாமல் இருந்தால் சரி.