யாருக்குத் தேவைப்பட்ட கனவு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நண்பர் வீட்டில் ஏழு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமெரிக்க இயக்குநர் டேவிட் லின்ச்சின் ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல மழை. படத்தில் நீலப் பெட்டிக்குள் சாவியை நுழைத்துத் திருப்புகிறாள், நினைவிழந்த பெண்ணான ரீட்டா. பெட்டியின் இருட்டுக்குள் கேமரா புகுந்த நேரம், வீட்டில் மின்சாரம் போய்விட்டது. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. படத்தில் வரும் இருட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மெழுகுவத்தி வந்த பிறகுதான் புரிந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு அவரவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

உடன் வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை வழியில் சொன்னார்: “நல்ல படம், தம்பி. நடிக்க வந்த அந்தப் பெண் கெட்டிக்காரி. பெரிய ஆளாக வந்துவிடுவாள்.”

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், மீதமிருந்த அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) நடிக்க வந்த அதே பெண் வேறொரு பெயரில், வேறொரு முகவாட்டத்தோடு கண் விழிக்கிறாள். வாய்ப்புகள் வரவில்லை. உயிராக நேசித்தவள் ஓர் இயக்குநரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவளைக் கொல்ல இவளே பணம் கொடுத்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் நாம் பார்த்த திறமையும் காதலும் பெரும்பாலும் அவள் கண்ட கனவு. அடுத்த வாரம் அந்தப் பகுதியைப் பார்த்து முடித்ததும் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்றைக்குப் பார்த்ததோடு நின்றிருக்கலாம்” என்றார்.

இந்தப் படம் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும் விட அந்த ஒரு வாக்கியம் என்னை அதிகம் பாதித்தது. இணையத்தில் தேடினால் விளக்கக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. எந்தக் காட்சி கனவு, எது நிஜம், நீலச் சாவிக்கு என்ன பொருள் என்று கணக்குப் பாடம் போல விடை எழுதுகிறார்கள். விடை கிடைத்ததும் படத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கனவா நிஜமா என்பதல்ல கேள்வி. அந்தக் கனவு யாருக்குத் தேவைப்பட்டது? இதைக் கேட்காதவர் படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

இந்தப் படம் பிறந்த கதையும் அப்படிப்பட்டதுதான். 1999இல் தொலைக்காட்சித் தொடருக்கான முதல் பகுதியாக லின்ச் இதை எடுத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் அதை நிராகரித்தது. பிறகு பிரெஞ்சு நிறுவனத்தின் பணம் வந்து, புதிதாகக் காட்சிகள் எடுத்துச் சேர்த்து, 2001இல் முழுப் படமாக வெளிவந்தது. நடக்காமல் போன ஒன்றுக்குக் கண்விழிப்பை எழுதிச் சேர்த்திருக்கிறார். அதனால்தான் அந்த விழிப்பு அவ்வளவு வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் மொழிக்கு இது புதிதல்ல. கனவுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர்.

“நனவென ஒன்றில்லை ஆயின் கனவினால்
காதலர் நீங்கலர் மன்.”

விழிப்பு என்ற ஒன்று இல்லாவிட்டால் கனவில் வந்தவர் என்னைவிட்டுப் போகமாட்டார் என்கிறாள், காதலனைப் பிரிந்த ஒரு பெண். கண்டது கனவு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் குறை சொல்வது நனவைத்தான்.

எங்கள் மலைக்குக் கீழே, பழனிப் பக்கத்துக் கிராமத்தில் எடுக்கப்பட்டது மலையாள இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படம். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுக் கேரளம் திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஜேம்ஸ் மட்டும் விழித்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டுக்குள் நடந்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் சொந்த வீடு போல நுழைகிறான். காணாமல் போன சுந்தரமாகவே பேசுகிறான், தமிழில். ஜேம்ஸுக்கு என்ன ஆயிற்று, ஆவியா, மனநோயா என்று பலரும் என்னிடம் கேட்டார்கள். நான் அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தாய் இருக்கிறாள். ஒரு மனைவி இருக்கிறாள். போனவன் திரும்பவில்லை, செத்தான் என்ற சேதியும் இல்லை. அழுது முடிக்கவும் வழியில்லாத வீடு. உறங்கியது ஜேம்ஸாக இருக்கலாம். அந்தக் கனவு அவனுடையதல்ல, அந்த வீட்டினுடையது. இயக்குநர் விளக்கம் எதையும் தரவில்லை. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கொடைக்கானலின் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் சில நாட்களில் ஒரு காட்சி கிடைக்கும். முதுகுக்குப் பின்னால் வெயில், முன்னால் பள்ளத்தாக்கை நிரப்பிய மூடுபனி. பனியின் மேல் நம் நிழல் பூதாகரமாக விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற நண்பர், வளையம் தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்றார். என் தலையைச் சுற்றி என்றேன் நான். இருவர் சொன்னதும் சரி. அவரவர் வளையம் அவரவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

என்னால் மன்னிக்க முடியாத படங்களும் உண்டு. முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போய், அவிழ்க்கத் தெரியாமல், கடைசி நிமிடத்தில் நாயகனைக் கட்டிலில் எழுப்பி உட்காரவைக்கும் படங்கள். அந்தக் கனவு கதையில் யாருக்கும் தேவைப்படவில்லை, இயக்குநருக்கு மட்டும் தேவைப்பட்டது. 1920இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் ‘டாக்டர் கலிகாரி’யிலும் கதை சொன்னவன் மனநல இல்லத்து நோயாளி என்று கடைசியில் தெரிகிறது. ஆனால் கோணலாக வரைந்த அந்தச் சுவர்கள் அதன் பிறகும் நேராகவில்லை. ஏமாற்றுக்கும் கலைக்கும் உள்ள தூரம் அதுதான்.

எங்களுக்கு ஏழு வயதாக இருந்தபோது என்று நண்பர்கள் பழைய கதை பேசும்போதெல்லாம் எனக்கு ஓர் இரவுதான் நினைவுக்கு வரும். பெருமாள்மலையில் கோயில் திருவிழா. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, திடலில் டி.வி. வைத்து விடிய விடியப் படம் போட்டார்கள். பாதியில் எனக்குக் குளிரெடுத்துவிட்டது. அப்பா தன் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்கு மாட்டி, கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் நான். பனியில் டார்ச் வெளிச்சம் மூன்றடிக்கு மேல் போகவில்லை. காபித் தோட்டத்து வழியாக நடந்து வீட்டுக்கு வந்தோம். அந்த ஸ்வெட்டரின் பீடி வாசனை இப்போதும் எனக்குத் தெரியும்.

மல்ஹாலண்ட் டிரைவைப் பார்த்து முடித்த அன்று இதை அம்மாவிடம் முதன்முறையாகச் சொன்னேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அந்தத் திருவிழாவுக்கு நான்கு மாதம் முன்பே அப்பா இறந்துவிட்டார் என்றார். டெக் வைத்துப் படம் போட்டது அந்த ஒரு வருடம்தான். என்னை அழைத்துப் போனது மாமா.

நான் ஒன்றும் பேசவில்லை. அம்மா இன்னும் நாலைந்து பூண்டுப் பல் உரித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“வழியில் அப்பா ஏதாவது பேசினாரா?”