ஈஸ்வரி குரலுக்கு ஒதுக்கிய இடம்

சினிமாப் பாட்டு பெண்களை எப்படிக் காட்டுகிறது என்று பேச்சு எழும்போதெல்லாம் எல்லோரும் வரிகளைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2011இல் ‘மயக்கம் என்ன’ படத்தின் ‘அடிடா அவள’, 2015 டிசம்பரில் இணையத்தில் கசிந்த, கெட்ட வார்த்தையை ‘பீப்’ ஒலியால் மறைத்த பீப் பாட்டு. திட்ட வேண்டியவைதான், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அசிங்கமான வரி எல்லோர் காதிலும் உறுத்தும். போராட்டம் நடத்தலாம், வழக்குப் போடலாம். உறுத்தாமலே உள்ளே போய் உட்கார்ந்துகொண்ட சங்கதி வேறு. எந்தப் பெண்ணுக்கு எந்தக் குரல் என்ற பாகப்பிரிவினை அது.

அறுபதுகளின் பாட்டுகளைப் படம் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். பி. சுசீலா பாடினால் பெரும்பாலும் கதாநாயகி. எல்.ஆர். ஈஸ்வரி பாடினால் கிளப் டான்ஸ், குடி, வில்லனின் கூடாரம். இவள் கடைசி ரீலில் தாலியோடு நிற்பாளா, குண்டடி பட்டுச் சாவாளா என்பதைக் குரலை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

இரண்டு பேரின் திறமை வேறு வேறு, அதனால்தான் இப்படி என்று சொல்பவர்கள் 1969இல் வந்த ‘சிவந்த மண்’ணைப் பார்க்கட்டும். நாயகி காஞ்சனா. ‘ஒரு ராஜா ராணியிடம்’ என்று காதலிக்கும்போது அவருக்கு சுசீலாவின் குரல். அதே காஞ்சனா மாறுவேடத்தில் நாட்டியக்காரியாக வந்து, சிவாஜி சாட்டையைச் சொடுக்க, ‘பட்டத்து ராணி’க்கு ஆடும்போது ஈஸ்வரியின் குரல். ஒரே படம், ஒரே நடிகை, ஒரே பாத்திரம். உடம்பு கொஞ்சம் முன்னால் வந்ததும் தொண்டையை மாற்றிவிட்டார்கள்! அந்தப் பாட்டில் ஈஸ்வரி எழுப்பும் ஒலிகளைப் பாடி முடிக்க எவ்வளவு மூச்சும் கணக்கும் வேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. ‘கவர்ச்சிக் குரல்’ என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் ஈஸ்வரி பாட்டு பாடுகிறேன் என்று நான் சொன்னபோது டீச்சர் ‘அதெல்லாம் நமக்கு வேண்டாம்மா’ என்றார். வரிகளில் தப்பாக ஒன்றுமே இல்லாத பாட்டு. பாடியவரின் பெயரே போதுமானதாக இருந்தது.

இப்படித்தான் ஆண் குரல், இப்படித்தான் பெண் குரல் என்று இயற்கை எழுதிவைத்துவிடவில்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் உச்ச ஸ்தாயியில் பாடித்தான் நாயகர்களாக நின்றார்கள். நாடக மேடையில் ஆண்கள் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், கட்டினார்கள். கே.பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடினார், எம்.எஸ். சுப்புலட்சுமி 1941இல் ‘சாவித்திரி’யில் நாரதர். பிறகுதான் ஆணுக்கு டி.எம்.எஸ்ஸின் கம்பீரம், நல்ல பெண்ணுக்கு மெல்லிய உயர்ந்த குரல் என்று பங்கு பிரிந்தது. அந்த இரண்டிலும் அடங்காத ஆசைக்கு ஈஸ்வரி.

1970இல் வந்த ‘தரிசனம்’ படத்தின் ‘இது மாலை நேரத்து மயக்கம்’ இந்த ஏற்பாட்டை அப்படியே வெளிச்சம் போட்டுக் காட்டும். அவள் ஆசையைச் சொல்லச் சொல்ல அவன் தத்துவம் பேசுகிறான். ஆசைக்கு ஈஸ்வரி, வேதாந்தத்துக்கு டி.எம்.எஸ். மெட்டு அபாரம், இப்போதும் கேட்கிறேன். ஆனால் மற்ற பாட்டுகளிலெல்லாம் அவளைத் துரத்தித் துரத்திப் பாடியவன் இங்கே மட்டும் முனிவராகிவிடுகிறான் பாருங்கள்.

நல்ல வீட்டுக்குள் ஈஸ்வரி வரவே இல்லையா? வந்தார். ‘பாசமலர்’ (1961) படத்தின் ‘வாராயென் தோழி’ ஒலிக்காத கல்யாண வீடு ஒரு காலத்தில் கிடையாது. அதிலும் கேலி செய்யும் தோழிக்குத்தான் குரல், மணப்பெண் தலையைக் குனிந்துகொள்வாள். ‘வெள்ளி விழா’வில் (1972) மனைவிக்காகப் பாடக் கிடைத்தபோது ‘காதோடுதான் நான் பாடுவேன்’ என்று குரலைத் தாழ்த்தித்தான் பாட வேண்டியிருந்தது. அவர் பாடியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அதுதான், அதனாலேயே சொல்கிறேன்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஆடி மாதம் வந்தால் தெருத் தெருவாக, கூழ் ஊற்றும் இடமெல்லாம், குழாய் ஸ்பீக்கரில் ‘செல்லாத்தா செல்ல மாரியாத்தா’, ‘கற்பூர நாயகியே கனகவல்லி’. அதே தொண்டை, அதே அழுத்தம், அதே அதிர்வு. அம்மனுக்குப் பொருந்திய குரல் ஒரு சாதாரண மனைவிக்குப் பொருந்தாமல் போனது எப்படி? உக்கிரம் தெய்வத்துக்கு இருக்கலாம், வீட்டில் இருப்பவளுக்கு ஆகாது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

எஸ். ஜானகி இந்த வேலியை நிறையவே சாய்த்தார். ‘செந்தூரப்பூவே’வும் அவர்தான், 1982இன் ‘நேத்து ராத்திரி யம்மா’வும் அவர்தான். குரல் ஒன்றானாலும் திரையில் பிரிவினை தொடர்ந்தது: முன்னதற்கு ஸ்ரீதேவி, பின்னதற்கு சில்க் ஸ்மிதா. 2021இல் ‘ஊ சொல்றியா மாமா’ வந்தபோது ‘ஆண்களைக் கேள்வி கேட்கிறது’ என்று பலர் கொண்டாடினார்கள். வரிகள் கேட்கின்றன, உண்மை. ஆனால் எந்தப் பார்வையை வரிகள் குத்திக் காட்டுகின்றனவோ அதே பார்வையோடுதான் கேமரா சமந்தாவைச் சுற்றுகிறது. ஆண்ட்ரியாவின் கரகரப்பும் ஈஸ்வரிக்கு ஒதுக்கிய அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது.

ஈஸ்வரியைச் சினிமா பல காலம் மறந்தே போயிருந்தது. 2011இல் ‘ஒஸ்தி’க்காகத் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. கொடுத்த பாட்டு ‘கலாசலா’, திரையில் மல்லிகா ஷெராவத்தின் கவர்ச்சி ஆட்டம். அவர் பிரமாதமாகத்தான் பாடினார், நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் பாசமலர் வந்து ஐம்பது வருஷம் கழித்தும் அந்தக் குரலுக்கு வேறொரு பெண்ணை யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.