பணம் போய்விட்டது, பதிலைக் காணோம்

பேருந்து டிக்கெட்டுக்குச் செயலியில் யுபிஐ வழியாகப் பணம் கட்டுகிறோம். கணக்கில் பணம் கழிந்ததாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. செயலியோ 'ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்கிறது. டிக்கெட் உண்டா, இல்லையா? மறுபடி கட்டினால் இரண்டு தடவை பணம் போகுமா? ஒன்றுக்கும் பதில் கிடையாது.

சரி, கோளாறு வரத்தான் செய்யும். பல கணினிகளைத் தாண்டிப் போகும் பணம் நடுவில் சிக்கலாம். அதற்காகத்தான் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதியே வகுத்தது. கடைக்காரருக்கு அனுப்பிய யுபிஐ பணம் போய்ச் சேரவில்லை என்றால், 5 நாளுக்குள் தானாகவே திரும்பி வர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் கேட்காமலேயே.

இதை அந்தத் திரையில் இரண்டு வரியாகப் போட்டால் என்ன? பணம் கட்டும் பொத்தானை அவ்வளவு அழகாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, பணம் சிக்கிக்கொண்டவரிடம் பேச மட்டும் வார்த்தை இல்லையா?

உதவிப் பக்கம் அதைவிட மோசம். முன்பதிவு எண்ணைக் கொடு என்கிறது. முன்பதிவே ஆகாதவர் எங்கே போவார்? பதறிப்போய் கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடுவார். போலி எண்ணோடு மோசடிக்காரர்கள் காத்திருப்பது அங்கேதான். பெரியவர்கள் பலர் இப்படித்தான் மிச்சப் பணத்தையும் இழக்கிறார்கள்.

யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வைத்தே புகாரை ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குள் பணம் வரும் என்று தமிழிலும் எழுதுங்கள்.